கை மாற்று சிகிச்சை தொடங்க நினைக்கும் மருத்துவமனைக்கு ஒரு கோஆர்டினேட்டர் சொல்வது

மூளைச்சாவு அடைந்தவரின் கையை எடுத்து, கை இழந்தவருக்குப் பொருத்துவதுதான் கை மாற்று அறுவை சிகிச்சை. அதைத் தொடங்கலாம் என்று ஒரு மருத்துவமனை முடிவெடுத்ததும் முதலில் மைக்ரோஸ்கோப்புக்குக் கொட்டேஷன் கேட்கிறார்கள். தியேட்டரை எப்படிப் பிரிப்பது, எத்தனை சர்ஜன் வேண்டும், பத்திரிகையாளர்களை எப்போது கூப்பிடுவது என்று பேச்சு போகிறது. அதையெல்லாம் கொஞ்சம் தள்ளி வையுங்கள். முதலில் உங்கள் பிசியோதெரபி அறைக்குப் போய்ப் பாருங்கள். ஒரே நோயாளிக்கு ஒரு வருடம் வரை தினமும் ஐந்து மணி நேரம் ஒதுக்கக்கூடிய ஆள் அங்கே இருக்கிறாரா? இல்லை என்றால் மற்ற எதையும் வாங்காதீர்கள்.

நான் ஐசியு நர்ஸாக இருந்து உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளராக வந்தவள். மருத்துவமனையில் எங்களைக் கோஆர்டினேட்டர் என்றே கூப்பிடுவார்கள். கொடுக்கும் குடும்பத்தையும் வாங்கும் குடும்பத்தையும் ஒரே நாளில் பார்க்கிற வேலை. ஆபரேஷன் ஒரு இரவில் முடிந்துவிடும். அதற்கு முன்னால் ஒரு தாயிடம் நாம் என்ன கேட்டோம், ஐந்தாவது வருடத்தில் அந்த நோயாளி மாத்திரை வாங்கப் பணம் வைத்திருக்கிறாரா, இந்த இரண்டும்தான் திட்டம் என்பது என் உறுதியான எண்ணம். எனவே அந்த இரண்டு முனைகளிலிருந்தும் நடுவை நோக்கி எழுதுகிறேன்.

இதற்கு வரலாறே சாட்சி. 1964-ல் ஈக்வடாரில் ஒரு கை பொருத்தினார்கள். அன்றைய மருந்துகளால் உடலின் எதிர்ப்பை அடக்க முடியவில்லை, சில வாரங்களில் அகற்ற வேண்டியதாயிற்று. 1998 செப்டம்பரில் பிரான்சின் லியோன் நகரில் ழான் மிஷேல் டூபெர்னார் தலைமையில் ஒரு நியூசிலாந்துக்காரருக்குக் கை பொருத்தப்பட்டது. அறுவை சிகிச்சை நன்றாகவே நடந்தது. ஆனால் அவர் மருந்தை ஒழுங்காக எடுக்கவில்லை, அந்தக் கையோடு அவரால் ஒட்டவும் முடியவில்லை. அவரே கேட்டுக்கொண்டதால் 2001 பிப்ரவரியில் அதை எடுத்துவிட்டார்கள். லியோனுக்குச் சில மாதங்கள் கழித்து, 1999 ஜனவரியில், அமெரிக்காவின் லூயிவில்லில் பொருத்திய கை பல வருடங்கள் நிலைத்தது. நம் பக்கம் முதலில் செய்தது கொச்சி அமிர்தா மருத்துவமனை. 2015 ஜனவரியில் டாக்டர் சுப்பிரமணிய ஐயர் குழு இரண்டு கைகளையும் பொருத்தியது. தமிழ்நாட்டில் 2018 பிப்ரவரியில் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில், மின்சாரம் தாக்கி இரு கைகளையும் இழந்த திண்டுக்கல் பக்கத்து இளைஞருக்கு டாக்டர் ரமாதேவி குழு செய்தது. கை அறுவைக்கென்றே பல வருடமாகத் தனித் துறை நடத்திவரும் இடம் அது. அந்த அடித்தளம் சும்மா வந்துவிடாது.

எந்த மருத்துவமனை தொடங்கலாம்

இரண்டு விஷயம் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்க வேண்டும். துண்டான கையையும் விரலையும் திரும்ப ஒட்டும் வேலையை உங்கள் பிளாஸ்டிக் சர்ஜரி துறை வழக்கமாகச் செய்து வர வேண்டும். சிறுநீரக மாற்றும் நடந்துகொண்டிருக்க வேண்டும். முதலாவது ரத்தக்குழாயையும் நரம்பையும் தைக்கும் கைப்பழக்கத்துக்கு. இரண்டாவது எதிர்ப்பு அடக்கும் மருந்தைக் கையாளத் தெரிந்த நெஃப்ராலஜிஸ்ட், அளவு பார்க்கும் லேப், நிராகரிப்பை, அதாவது புதிய உறுப்பை உடல் ஏற்க மறுப்பதை, திசுவில் படிக்கத் தெரிந்த பேதாலஜிஸ்ட், இவர்களுக்காக. இதில் ஒன்று இல்லை என்றாலும் இரண்டு வருடம் அதை வளர்த்துவிட்டு அப்புறம் வாருங்கள்.

சட்டப்படி மருத்துவமனையின் பெயர் மட்டும் போதாது. 1994-ம் ஆண்டு உறுப்பு மாற்றுச் சட்டத்தின் கீழ் எதை மாற்றப் போகிறீர்களோ அதற்கென்று பதிவு வேண்டும். சிறுநீரகத்துக்கு வாங்கிய சான்று கைக்கு உதவாது. பதிவு ஐந்து வருடத்துக்குத்தான், புதுப்பிக்கும் தேதியை யாராவது ஒருவர் பொறுப்பில் விடுங்கள். தமிழ்நாட்டில் தானம் பெறுவதும் பங்கிடுவதும் டிரான்ஸ்டான் என்ற மாநில உறுப்பு மாற்று ஆணையம் வழியாக நடக்கிறது. காத்திருப்புப் பட்டியலில் உங்கள் நோயாளியின் பெயர் ஏறுவதற்கு முன் அவர்களோடு உட்கார்ந்து பேசுங்கள். மற்ற மருத்துவமனையில் மூளைச்சாவு அறிவிக்கப்பட்டால் கைக்காக யார் போவது, குடும்பத்திடம் யார் பேசுவது என்பதை அங்கேயே எழுத்தில் முடிவு செய்துகொள்ளுங்கள்.

யாருக்குச் செய்வது

சிறுநீரகம் இல்லாவிட்டால் டயாலிசிஸ், கல்லீரல் இல்லாவிட்டால் மரணம். கை இல்லாதவர் அப்படியில்லை, ஆரோக்கியமாக நடமாடிக்கொண்டிருப்பவர். அவரை நாம் வாழ்நாள் முழுக்க மருந்துக்குள் கொண்டுவருகிறோம். தொற்று வரலாம், சர்க்கரை வரலாம், சிறுநீரகம் கெடலாம், புற்றுநோய்க்கான வாய்ப்பும் கூடும். அதனால்தான் இரண்டு கையும் போனவர்களுக்கு முன்னுரிமை என்ற வழக்கம் நிலைத்தது. ஒரு கை இருப்பவரைப் பட்டியலில் சேர்க்க நான் எளிதில் சம்மதிக்க மாட்டேன். பிலடெல்பியாவில் 2015-ல் எட்டு வயதுச் சிறுவனுக்கு இரு கைகளும் பொருத்தினார்கள். அவன் ஏற்கெனவே சிறுநீரக மாற்றுக்காக அதே மருந்துகளை எடுத்துக்கொண்டிருந்தவன். அந்தக் காரணத்தை விட்டுவிட்டு வயதை மட்டும் எடுத்துக்காட்டுபவர்களிடம் ஜாக்கிரதை.

வருகிறவரிடம் 'கை வந்தால் முதலில் என்ன செய்வீர்கள்' என்று கேளுங்கள். பலர் சொல்லும் பதில் ஒன்றுதான்: கழிப்பறைக்கு யாரையும் கூப்பிடாமல் தனியாகப் போக வேண்டும். அந்தப் பதிலைச் சொல்பவருக்குத் தனக்கு என்ன வேண்டும் என்று தெரிந்திருக்கிறது. 'பழையபடி ஆகிவிடுவேன்' என்பவரோடு சைக்யாட்ரிஸ்ட் இன்னும் சில முறை பேச வேண்டும். செயற்கைக் கையை சில மாதமாவது போட்டுப் பார்த்தவராக இருக்கட்டும். அது போதும் என்று தோன்றினால் அவரை வாழ்த்தி அனுப்பிவிடுங்கள். வீட்டில் கூடவே இருக்க ஒருவர், நேரம் தவறாமல் மாத்திரை எடுக்கும் பழக்கம், மருத்துவமனைக்கு அருகே ஒரு வருடம் தங்க இடம், இவை மூன்றும் ரத்தப் பரிசோதனைக்குச் சமமான தகுதிகள்.

நம் ஊரில் உயர் அழுத்தக் கம்பி பட்டுக் கை போனவர்கள் நிறைய. மின்சாரம் வெளியே தெரிவதைவிட உள்ளே அதிகம் எரிக்கும். மிச்சமிருக்கும் முழங்கைக்குக் கீழே தோல் நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே ரத்தக்குழாயும் தசையும் கெட்டிருக்கலாம். ரத்தக்குழாயைக் காட்டும் சிடி ஆஞ்சியோகிராம் ஸ்கேன் எடுக்காமல் யாரையும் பட்டியலில் ஏற்றாதீர்கள். காசநோய்ச் சோதனையும் கட்டாயம். பின்னால் டிபி வந்தால் ரிஃபாம்பிசின் கொடுக்க வேண்டியிருக்கும், அது எதிர்ப்பு அடக்கும் மருந்தான டாக்ரோலிமஸின் அளவை ரத்தத்தில் சரித்துவிடும்.

ரத்த வகையும், இருவர் ரத்தமும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் கிராஸ்மேட்சும் எல்லா உறுப்புக்கும் உண்டு. கைக்கு இன்னும் சில வேண்டும்: நிறம், அளவு, வயது, ஆணா பெண்ணா என்பது. ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு அட்டை செய்து லேமினேட் பண்ணி வையுங்கள். மிச்சமிருக்கும் கையின் நீளம், சுற்றளவு, எந்த இடத்தில் வெட்டு, பகல் வெளிச்சத்தில் எடுத்த தோலின் படம் எல்லாம் அதில் இருக்கட்டும். நள்ளிரவில் ஃபோன் வரும்போது ஃபைல் தேடக் கூடாது. கொச்சியில் 2017-ல் புனே மாணவி ஒருவருக்கு ஒரு ஆணின் கைகளை மேல்கை அளவில் பொருத்தினார்கள். பின்னாளில் அந்தக் கைகளின் நிறம் அவர் நிறத்தோடு நெருங்கியது பெரிய செய்தியானது. அதைக் காட்டி யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள்.

கேட்பது

இங்கேதான் நான் நிறுத்தி நிதானமாகப் பேச விரும்புகிறேன்.

மூளைச்சாவை உறுதி செய்வது நான்கு மருத்துவர் குழு. ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை சோதிக்க வேண்டும். உறுப்பு மாற்றுக் குழுவில் இருப்பவர் யாரும் அதில் இருக்கக் கூடாது. இது முடிந்து குடும்பத்துக்கு அது மரணம்தான் என்று புரிந்த பிறகே தானம் என்ற பேச்சு. அதிலும் கை முதலில் வரக் கூடாது. சிறுநீரகம், கல்லீரல், இதயம், கண் எல்லாவற்றுக்கும் அவர்கள் தலையசைத்து, தண்ணீர் குடித்து, கொஞ்சம் மூச்சு விட்ட பிறகு தனியாகக் கேட்க வேண்டும். கையை மறுத்தால் மற்றவற்றுக்கு அவர்கள் கொடுத்த சம்மதம் ஒரு இம்மியும் அசையாது என்பதை நாமே முதலில் சொல்லிவிட வேண்டும். சம்மதப் படிவத்திலும் கை தனியாகப் பெயர் சொல்லி எழுதப்பட வேண்டும். 'எல்லா உறுப்புகளும்' என்ற வரிக்குள் அதை ஒளித்து வைப்பது அந்தக் குடும்பத்துக்குச் செய்யும் துரோகம்.

உள்ளே இருக்கும் உறுப்பை எடுத்தால் தையல் மட்டும்தான் தெரியும். கை அப்படியில்லை. அந்தக் கையால் அவன் சாப்பிட்டிருக்கிறான், அம்மாவின் முந்தானையைப் பிடித்திருக்கிறான். பெரும்பாலும் வரும் கேள்வி இது:

"எம் புள்ளைய கை இல்லாமயா அனுப்பணும் அக்கா?"

"இல்லம்மா. கை வெச்சுத்தான் அனுப்புவோம். நீங்க பாத்து சரின்னு சொன்னப்புறம்தான் வண்டில ஏத்துவோம்."

இந்த பதிலைச் சொல்லும் உரிமை உங்களுக்கு வேண்டுமானால் வைத்து அனுப்பும் செயற்கைக் கைகள் மருத்துவமனையில் தயாராக இருக்க வேண்டும். சிலிகோன் உறை போட்ட கைகள், ஆண் பெண் இருவருக்கும், சிறிது பெரிது, மூன்று நான்கு நிறங்களில் அலமாரியில் வைத்திருங்கள். ஆர்டர் கொடுக்கும்போது விரல்கள் மடங்கும்படி உள்ளே மெல்லிய கம்பி வைத்துச் செய்யச் சொல்லுங்கள். காரணம் இருக்கிறது. நம் பக்கம் இறந்தவரின் இரண்டு கட்டைவிரல்களையும் சேர்த்துத் துணியால் கட்டுவார்கள், கால் பெருவிரல்களையும் அப்படியே. கைக்கட்டு நிற்க வேண்டும். விரைத்து நிற்கும் பொம்மைக் கையில் அது நிற்காமல் வழுக்கும், வீட்டு வாசலில் ஊரே பார்க்கும். சில இடங்களில் கையில் வெற்றிலை பாக்கு வைப்பார்கள். கிறிஸ்தவர்கள் ஜெபமாலையைச் சுற்றுவார்கள். இஸ்லாமியக் குடும்பம் என்றால் ஜனாஸாவைக் குளிப்பாட்டுவார்கள், தண்ணீர் இறங்காதபடி தையலும் கட்டும் இருக்க வேண்டும். குளிப்பாட்ட வருகிறவரிடமும் குடும்பத்தின் அனுமதியோடு முன்பே ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும்.

செயற்கைக் கை பொருத்திய பிறகு முழுக்கைச் சட்டை போடுங்கள், பெண் என்றால் முழங்கை தாண்டும் ரவிக்கை. வளையல் இருந்ததா, மோதிரம் இருந்ததா, கையில் கயிறு கட்டியிருந்தாரா என்று எடுப்பதற்கு முன்பே குறித்து வைத்து, அதே கையில் அதே இடத்தில் திரும்பப் போடுங்கள். கோயில் கயிற்றைக் கத்தரிக்க வேண்டி வந்தால் தூக்கிப் போடாதீர்கள். முடிச்சுப் போட்டுக் கட்டிவிடலாம். ஒரு அம்மா அந்தக் கயிறைத்தான் தேடுவார்.

முடிவு சொல்பவர் யார் என்று கவனியுங்கள். கையெழுத்துப் போடுவது மனைவியோ அப்பாவோ ஆக இருக்கலாம். ஆனால் வராண்டாவில் ஒரு தாய்மாமனோ சித்தப்பாவோ நின்றுகொண்டிருப்பார். ஊருக்குப் போனால் கேள்விக்குப் பதில் சொல்லப் போவது அவர். அவரையும் உட்கார வைத்துச் செயற்கைக் கையைக் காட்டிப் பேசுங்கள். 'யோசிக்கணும்' என்றால் யோசிக்க விடுங்கள். மூன்றாவது முறை கேட்காதீர்கள்.

விபத்து வழக்கு என்றால் போலீஸ் விசாரணையும் பிரேதப் பரிசோதனையும் உண்டு. கை எடுக்கும் விஷயம் தடயவியல் மருத்துவருக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும், அவர் கைகளைப் பார்த்துக் குறித்துக்கொண்ட பிறகே தொட வேண்டும். அடிதடி, தாக்குதல் என்று சந்தேகம் இருந்தால் கையைக் கேட்கவே கேட்காதீர்கள். நகத்துக்கு அடியில் இருப்பதும் உள்ளங்கையில் இருக்கும் காயமும் சாட்சி.

யாருக்குப் பொருத்தினீர்கள், பார்க்கலாமா என்ற கேள்வி கைக்குக் கட்டாயம் வரும். பார்த்தாலே அடையாளம் தெரிகிற உறுப்பு இது. அந்த அறையில் ஆமாம் என்றும் சொல்லாதீர்கள், ஒருபோதும் முடியாது என்றும் சொல்லாதீர்கள். விதிப்படி இப்போது பெயரைச் சொல்ல முடியாது என்பதை மட்டும் சொல்லுங்கள். சந்திப்பைப் பற்றிய கொள்கையை நெறிமுறைக் குழு முன்கூட்டியே எழுதி வைத்திருக்கட்டும். இரு குடும்பமும் தாமாகக் கேட்டால் ஒழிய யாரையும் கேமரா முன் நிறுத்தக் கூடாது.

ஐசியுவும் தியேட்டரும்

ஐசியு நர்ஸ்களுக்கு ஒரு வகுப்பு எடுங்கள். சம்மதம் கிடைத்த நிமிடத்திலிருந்து அந்த இரு கைகளிலும் ஊசி குத்தக் கூடாது. மணிக்கட்டில் ரத்த அழுத்தம் பார்க்கத் தமனியில் போட்ட ஆர்ட்டீரியல் லைன் இருந்தால் தொடைக்கு மாற்றுங்கள், மருந்து ஏற்றும் வென்ஃப்ளான் ஊசியைக் கழுத்துக்கோ காலுக்கோ கொண்டுபோங்கள். ஒரு ஊசித்துளையும் ஒரு ரத்தக்கட்டும் நாளை யாரோ ஒருவரின் விரலுக்குப் போகும் குழாயில் இருக்கும். கட்டிலின் தலைமாட்டில் பெரிய எழுத்தில் 'கைகளில் ஊசி வேண்டாம்' என்று எழுதி ஒட்டுங்கள். டியூட்டி மாறும்போது வாய்ச்சொல் தொலைந்துபோகும்.

எடுக்கும் தியேட்டரில் உயிர் காக்கும் உறுப்புகளுக்கே முதல் இடம். இதயம், கல்லீரல் குழுக்களோடு முன்பே பேசி வரிசை முடிவாகியிருக்க வேண்டும். தானம் கொடுப்பவரின் ரத்த அழுத்தம் தள்ளாடினால் கையை விட்டுவிட வேண்டும், வாக்குவாதம் கூடாது. கை எடுக்க டூர்னிகே என்ற ரத்தத்தை நிறுத்தும் இறுக்கப் பட்டை கட்டி, மேல்கை தமனியில் குழாய் விட்டு, குளிர்ந்த பாதுகாப்புத் திரவத்தால் கழுவி, துணி சுற்றிப் பைகளுக்குள் வைத்து ஐஸ் பெட்டியில் வைக்கிறார்கள். ஐஸ் நேராகத் தோலில் படக் கூடாது. கையில் தசை இருக்கிறது, சிறுநீரகம் போல நீண்ட நேரம் தாங்காது. ஆறு மணி நேரத்துக்குள் ரத்தம் திரும்ப ஓட வேண்டும் என்று கணக்கு வைத்து, பின்னோக்கி வந்து ஆம்புலன்ஸ் நேரத்தையும் போக்குவரத்துப் போலீஸுக்குச் சொல்லும் நேரத்தையும் குறியுங்கள்.

இரண்டு கை என்றால் நான்கு குழு. எடுத்த கை ஒவ்வொன்றுக்கும் ஒன்று, பெறுபவரின் கை ஒவ்வொன்றுக்கும் ஒன்று. ஒவ்வொரு தசைநாணுக்கும் நரம்புக்கும் குழாய்க்கும் பெயர் எழுதிய பட்டை கட்டுவார்கள். எல்லாக் குழுவும் ஒரே பெயரைப் பயன்படுத்த வேண்டும். இதற்கு உடற்கூறியல் துறையின் உதவியோடு முழு ஒத்திகை பாருங்கள், அதையும் ராத்திரியில் பாருங்கள். லிஃப்ட் ஆபரேட்டர், ரத்த வங்கி, லேப் எல்லோரையும் அந்த நேரத்தில் எழுப்பிப் பாருங்கள். எலும்பைப் பிளேட் வைத்து இணைத்து, அப்புறம் ரத்தக்குழாய், தசைநாண், நரம்பு, தோல். ரத்தம் திறந்துவிடும் கணம் மயக்க மருத்துவருடையது. குளிரில் இருந்த தசையிலிருந்து பொட்டாசியமும் அமிலமும் ஒரேயடியாக உடம்புக்குள் வரும். மேல்கை அளவு என்றால் தசை அதிகம், ஆபத்தும் அதிகம். ஆரம்பத்தில் முன்கை அளவில் மட்டும் செய்யுங்கள்.

பிறகு வரும் வருடங்கள்

நரம்பு ஒரு நாளைக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர் வளரும். முன்கை நடுவில் இணைத்தால் விரல் நுனிக்கு முப்பது சென்டிமீட்டர் போக வேண்டும், அதற்கே வருடம் நெருங்கும். மேல்கை என்றால் இன்னும் அதிகம். இந்தக் கணக்கை நோயாளிக்கு ஸ்கேல் வைத்துக் காட்டுங்கள், ஆபரேஷனுக்கு முன்பே. அதுவரை சூடு தெரியாது. காபி டம்ளரைப் பிடித்தால் கொப்பளித்த பிறகுதான் கண்ணுக்குத் தெரியும். வீட்டில் அடுப்புப் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும்.

பயிற்சி சில நாட்களிலேயே தொடங்கும். கையைத் தாங்கும் ஸ்பிளின்ட் செய்யும் தெரபிஸ்ட் உள்ளூரில் இருக்க வேண்டும், வீக்கம் வடிய வடிய அதை மாற்ற வேண்டியிருக்கும். பயிற்சிக்கு வெளிநாட்டு உபகரணம் பெரிதாகத் தேவையில்லை. சட்டைப் பொத்தான், வேட்டி, சோப்பு, மக், கொஞ்சம் ஆறின சாதம் போதும். சோறு பிசைந்து வாய்க்குக் கொண்டுபோவதில் கட்டைவிரலும் நான்கு விரலும் மணிக்கட்டும் சேர்ந்து வேலை செய்கின்றன. அதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியவில்லை.

தோல் வெளியே இருப்பதால் கை நிராகரிப்பைக் கண்ணாலேயே பார்க்கலாம். சிறுநீரகத்துக்கு இந்த வசதி இல்லை. முதல் வருடத்தில் பெரும்பாலானவர்களுக்கு ஒரு முறையாவது நிராகரிப்பு வரும். அது முடிவல்ல, சீக்கிரம் பார்த்தால் அடங்கும். தினமும் ஒரே ஜன்னல் வெளிச்சத்தில் உள்ளங்கை, புறங்கை இரண்டையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். திட்டுத் திட்டாகச் சிவப்பு, வீக்கம், தடிப்பு என்றால் அன்றே வர வேண்டும். கொசுக்கடியா நிராகரிப்பா என்பதை ஃபோனில் முடிவு செய்யாதீர்கள், சிறு தோல் துண்டு எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

டாக்ரோலிமஸ் அளவு பார்க்க ரத்தம் கொடுப்பது காலை மாத்திரைக்கு முன்னால். தூரத்து ஊரிலிருந்து விடியற்காலை பஸ்ஸில் வருகிறவர் மாத்திரையைப் போட்டுவிட்டு வந்தால் அளவு ஏறிக் காட்டும், டாக்டர் மருந்தைக் குறைப்பார், அப்புறம் கை சிவக்கும். எனவே முந்தின நாள் மாலை கோஆர்டினேட்டர் ஃபோன் செய்ய வேண்டும்: "தம்பி, நாளைக்கு மாத்திரையைக் கையில எடுத்துட்டு வாங்க, ரத்தம் குடுத்தப்புறம் போட்டுக்கலாம்." பம்ப்ளிமாஸ் வேண்டாம். நாட்டு மருந்தோ கஷாயமோ கேட்காமல் எடுக்க வேண்டாம்.

மருந்துக்கு மாதம் பல ஆயிரம் ரூபாய் ஆகும், ஆயுள் முழுக்க. முதல் வருடம் நன்கொடை வரும், செய்தி வந்த சூட்டில் நிறையவே வரும். மூன்றாவது வருடம் யார் கொடுப்பார்கள்? முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் எது வரும், எத்தனை வருடம் வரும், மருத்துவமனை மருந்தகம் எதை இலவசமாகக் கொடுக்கும் என்பதை அரசாணை எண்ணோ கடிதமோ கையில் இருக்கும்படி வாங்கிவிட்டுத்தான் முதல் பெயரைப் பட்டியலில் எழுத வேண்டும். வாய்மொழி உறுதி ஒரு அதிகாரி மாறினால் போய்விடும்.

கடைசியாகக் காகித வேலை. புதிய விரல்களின் ரேகை கொடுத்தவருடையது. கை இழந்த பிறகு ஆதார் கருவிழியில் ஓடிக்கொண்டிருந்திருக்கும், அதையே தொடரச் சொல்லுங்கள். கருவிழிப் பதிவு இல்லாதவராக இருந்தால் ஆபரேஷனுக்கு முன்பே ஆதார் மையத்துக்கு அழைத்துப்போய்ச் செய்துவிடுங்கள். ரேஷன் கடையிலும் வங்கியிலும் என்ன நடந்தது என்று விளக்க மருத்துவமனை முத்திரையோடு ஒரு கடிதம் கொடுங்கள். மாற்றுத்திறனாளி அடையாள அட்டையும் உதவித்தொகையும் என்ன ஆகும் என்று மாவட்ட அலுவலகத்தில் முன்பே கேட்டு, நோயாளி கையெழுத்துப் போடும் முன் அவரிடமும் சொல்லிவிடுங்கள். இந்த வேலைக்குச் சமூகப் பணியாளர் ஒருவரை முழு நேரமாக நியமியுங்கள், மைக்ரோஸ்கோப் கொட்டேஷன் வருவதற்கு முன்பே.